பாலையும் நெய்தலும் அடுத்திருக்கும் ஊர்: மணப்பாட்டில் சில நாள்

பாலைவனம் கடலில் போய் முடியும் ஊர்கள் என்றால் உலகப் படத்தில் முதலில் கண்ணில் படுபவை நமீபியாவின் ஸ்வாகோப்முண்ட், பெரு நாட்டின் பராக்காஸ் போன்ற இடங்களே. இவ்விரு கரைகளையும் ஒட்டித் தெற்கிலிருந்து குளிர்நீரோட்டங்கள் ஓடுகின்றன. குளிர்ந்த நீர் தன்மீதுள்ள காற்றையும் குளிர்விப்பதால் அக்காற்று மேலெழும்பி மழைமேகமாகத் திரள்வதில்லை. மூடுபனி மட்டும் கரையேறுகிறது. கடல் காலடியில் இருந்தும் நிலம் வறண்டு கிடப்பதற்கு அங்கே இதுவே காரணம். தமிழகக் கரையில் அத்தகைய நீரோட்டம் இல்லை. ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் குறைந்த நிலமே பாலைவனம் என்ற புவியியல் அளவுகோலை வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் பாலைவனம் என்று சொல்லத்தக்க இடமும் இல்லை. ஆயினும் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே விரிந்து கிடக்கும் செம்மணல் மேடுகளுக்குள் நண்பகலில் இறங்கி நடப்பவருக்கு அந்த அளவுகோல் உதவாது. அம்மேடுகளும், அவற்றுக்குக் கிழக்கே கடலுக்குள் முனையாக நீட்டிக்கொண்டிருக்கும் மணப்பாடு என்னும் ஊரும், அவ்வூரில் ஓய்வாகச் சில நாள் தங்குவது எவ்வாறு என்பதும் இப்பொழிவின் பொருள்.

அந்த மேடுகளுக்கு அவ்வட்டாரத்தில் வழங்கும் பெயர் தேரி. கடற்கரையின் வெண்மணல் வேறு, தேரி வேறு. தேரியின் ஒவ்வொரு மணல்துகளின் மீதும் இரும்பு ஆக்சைடு, எளிய சொல்லில் துரு, மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் மேடு முழுவதும் செங்கல் பொடியைக் கொட்டி வைத்தது போலச் சிவந்திருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்திலேயே பெரும்பாலும் பெய்து தீர்த்துவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை ஆகிய கணவாய்களின் வழியே வெறுங்காற்றாகக் கிழக்கே பாய்கிறது. மே முதல் செப்டம்பர் வரை ஓயாது வீசும் இக்காற்று உள்நாட்டிலிருந்து வாரி வந்த செம்மண்ணும், கடல் பின்வாங்கியிருந்த பழங்காலத்தில் வெளிப்பட்ட கரைமணலும் சேர்ந்து தேரியானதாக நிலவியலாளர் கருதுகின்றனர். உடன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் மேற்கே குதிரைமொழித் தேரி கிடக்கிறது. தெற்கே இடையன்குடிப் பக்கத்திலும் தேரிகள் உண்டு. இம்மேடுகளில் பொறுக்கப்பட்ட நுண்கற்கருவிகளை, அதாவது விரல்நுனி அளவே உள்ள கூரிய கற்சில்லுகளை, நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார். 1956இல் தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் அவற்றை விரிவாக ஆராய்ந்து வெளியிட்ட பின்னர், தொல்லியல் நூல்களில் ‘தேரிக் கருவிகள்’ என்பது ஒரு தனி வகையாகவே நிலைத்துவிட்டது. ஆளரவமற்றதாகத் தோன்றும் இம்மணலில் வேட்டைக்காரர்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உட்கார்ந்து கல்லைக் கொத்தியிருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தியாகதுருகத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு நிலம் என்றால் முதலில் பாறைதான். 18ஆம் நூற்றாண்டின் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையினரும் கைப்பற்றத் துடித்த மலைக்கோட்டை ஊரின் தலைமேல் நிற்க, மேற்கே கல்வராயன் மலை நீலக்கோடாகக் கிடக்க, காலை எங்கே வைத்தாலும் கெட்டியாக ஏற்றுக்கொள்ளும் நிலம் அது. அப்படிப்பட்டவர் தேரியில் வைக்கும் முதல் அடியிலேயே கணுக்கால் வரை புதைந்து போகிறார். வேகமாக நடக்க முயன்றால் மணல் பின்னுக்கு இழுக்கிறது. செருப்பைக் கழற்றினால் காலை பத்து மணிக்கு மேல் சூடு தாங்காது. இந்நிலத்தில் நடையின் வேகத்தை முடிவு செய்வது நடப்பவர் அல்லர், மணல். ஓய்வுக்காக ஊர் விட்டு ஊர் செல்பவர் தம் அவசரத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு செல்வது பொதுவான வழக்கம்; தேரி அந்த மூட்டையை முதல் அரைமணி நேரத்தில் இறக்கி வைக்கச் செய்துவிடுகிறது.

பழந்தமிழ் இலக்கணம் நிலத்தை ஐந்தாகப் பகுத்தது என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அந்தப் பகுப்பில் பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் ஒதுக்கவில்லை என்பதும், குறிஞ்சியும் முல்லையும் வெயிலால் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குவதும் கற்றோர் அறிந்தவை. இவற்றினும் குறைவாகக் கவனிக்கப்படுவது பொழுது பற்றிய பகுப்பு. பாலைக்கு உரிய சிறுபொழுது நண்பகல். கடல்சார்ந்த நெய்தலுக்கு உரியது எற்பாடு, அதாவது கதிரவன் சாயும் நேரம். இலக்கணத்தில் வெவ்வேறு திணைகளாக நிற்கும் இவ்விரண்டும் மணப்பாட்டுப் பகுதியில் ஒரே நாளின் இரண்டு பகுதிகளாக அடுத்தடுத்து வருகின்றன. நண்பகலில் அந்நிலம் பாலை; நான்கு மணிக்கு மேல் கடற்காற்று திரும்பியதும் அதே நிலம் நெய்தல். பாலை ஓர் இடம் அன்று, ஒரு நிலைமை என்று பழைய ஆசிரியர்கள் கண்டது எவ்வளவு நுட்பமானது என்பதை நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதைக் காட்டிலும் இங்கே ஒரு நாள் இருந்து பார்த்தால் தெளிவாகப் புரியும். இவ்வூருக்கு வருபவர் தம் நாளையும் இந்தப் பகுப்பின்படியே வகுத்துக்கொள்வது நல்லது. நண்பகலில் கடலைப் பார்த்தே தீர்வேன் என்று புறப்படுபவர் கடலையும் பார்ப்பதில்லை, ஓய்வும் கொள்வதில்லை.

மணப்பாடு திருச்செந்தூருக்குத் தெற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டரில், குலசேகரப்பட்டினத்தைத் தாண்டி இருக்கிறது. கருமேனியாறு கடலில் கலக்கும் இடத்தில், மணல் மூடிய மணற்கல் குன்று ஒன்று கடலுக்குள் நீண்டு நிற்க, அக்குன்றின் உச்சியில் திருச்சிலுவை ஆலயம் வெள்ளையாகத் தெரிகிறது. 1540ஆம் ஆண்டை ஒட்டிப் புயலில் சிக்கிய போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்றின் தலைவர், உயிர் பிழைத்தால் முறிந்த பாய்மரத்தில் சிலுவை செய்து நாட்டுவதாக நேர்ந்துகொண்டு அவ்வாறே நாட்டினார் என்பது ஊர் மரபு. 1542இல் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை குன்றின் கடற்பக்கச் சரிவில் இருக்கிறது. ஆலயம் 1581இல் எழுந்தது. முத்துக்குளித்துறை என்பது கன்னியாகுமரிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட பரதவர் ஊர்களின் தொகுதிக்கு அக்காலத்தில் வழங்கிய பெயர். அதே கரையில் சற்று வடக்கேயுள்ள புன்னைக்காயலில்தான் போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்ட்ரிக்கு அடிகளார் தமிழ் படித்து, 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ முதலிய நூல்களை ஆக்கினார். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சேறிய தொடக்ககால நூல்கள் இந்த உப்புக்காற்றின் பக்கத்தில் பிறந்தவை என்பதைத் தமிழ் அச்சு வரலாறு பேசுவோர் போதுமான அளவு சொல்வதில்லை.

ஊருக்குள் நுழைபவரை வியக்க வைப்பவை வீடுகள். மீனவர் ஊர் என்று நினைத்து வருபவர், தூண் வைத்த முகப்பும் உயர்ந்த கூரையும் கனத்த மரக்கதவும் கொண்ட பழைய மாளிகைகள் வரிசையாக நிற்பதையும், அவற்றுள் பல பூட்டிக் கிடப்பதையும் காண்கிறார். கொழும்பிலும் இலங்கையின் பிற ஊர்களிலும் வாணிகம் செய்த மணப்பாட்டுக் குடும்பங்கள் கட்டிய வீடுகள் இவை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் குடியுரிமைச் சட்டங்களும் வாணிகக் கட்டுப்பாடுகளும் அந்தக் கடல்வழியை நெருக்க, குடும்பங்கள் தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் இன்னும் தொலைவுக்கும் நகர்ந்தன. மணப்பாட்டின் அமைதியை இயற்கையின் கொடை என்று எழுதுவது பயணக் குறிப்புகளின் வழக்கம். அது முழு உண்மை அன்று. மணல் வேளாண்மையைத் தடுத்தது, முருகனைத் தரிசிக்க வரும் கூட்டம் திருச்செந்தூரோடு திரும்பிவிடுகிறது, துறைமுக வாணிகம் நின்றுபோனது ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய அமைதி அது. அதில் ஒரு பங்கு இழப்பு. தெருவில் ஆளில்லாமை விருந்தினருக்கு இதமாக இருக்கலாம். அங்கேயே இருந்துவிட்ட முதியவருக்கு அது வேறு பொருள் தரும்.

ஊருக்கென்று ஓர் ஓய்வு முறையும் இருக்கிறது. இக்கரையின் கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அன்று படகுகள் கரையேறி நிற்கும், வலைகள் குவிந்து கிடக்கும், பூசை முடிந்த பின் தெருவில் குழம்பின் மணம் எழும். கச்சான் என்று கடலோர மக்கள் சொல்லும் மேல்காற்று மிகும் நாள்களில் மற்றக் கிழமைகளிலும் கடல் இடம் கொடுப்பதில்லை. அத்தகைய நாள்களில் நண்பகலில் செய்யத்தக்கது உண்டு உறங்குவது மட்டுமே. வாசிக்க விரும்புவோர், பக்கத்து உவரியில் பிறந்த ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலைக் கையோடு கொண்டு செல்லலாம். 2013இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது அவருடைய ‘கொற்கை’ என்றாலும், காற்றின் பெயர்களையும் மீனின் பெயர்களையும் அவ்வூர் வாய்மொழியிலேயே அறிய முந்தைய நூலே ஏற்றது.

வெயில் தாழ்ந்ததும் குன்றுக்கு ஏறுவதற்கு முன், அதன் அடியிலுள்ள வெண்மணலில் சற்று நிற்பது பயன் தரும். அங்கே அடர்ந்து கிடக்கும் புல்லுக்கு இராவணன் மீசை என்று பெயர். இலை ஒவ்வொன்றும் ஊசியாக முடிவதால் வெறுங்காலோடு அதற்குள் போக முடியாது. அதன் பெண்கதிர் நாலாபக்கமும் முள் விரிந்த ஓர் உருண்டை, ஏறத்தாழ ஒரு குழந்தையின் தலையளவு. முற்றியதும் காம்பு அறுந்து அது தரையில் விழ, காற்று அதைப் பிடித்துக்கொள்கிறது. முள்நுனிகளை மட்டும் ஊன்றி, சக்கரம் போலக் கடற்கரை நெடுக உருண்டு ஓடுகிறது. துரத்திப் பிடிக்க முயலும் சிறுவர்கள் பெரும்பாலும் தோற்கிறார்கள். ஈரமணலில் மாட்டியோ வேறு செடியில் சிக்கியோ நிற்கும் இடத்தில் அது விதையைச் சிந்துகிறது. பக்கத்தில் ஊதாப்பூ பூத்துப் படர்ந்திருக்கும் அடும்பு, சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் தேர்ச்சக்கரத்தில் நசுங்கும் அதே கொடி. இவ்விரு தாவரங்களும் வேரால் மணலைப் பிடித்து வைத்திருப்பதால்தான் மேடு நிற்கிறது. வண்டி ஏற்றி இவற்றை அழித்த இடங்களில் மணல் அடுத்த காற்றுக்காலத்தில் இடம் மாறிவிடும். குன்றின் மேல் ஏறினால் ஒருபக்கம் காற்று அறையும் திறந்த கடல், மறுபக்கம் அடங்கிய நீரில் படகுகள், உள்நாட்டுப் பக்கம் ஆற்றின் கழிமுகம், அதற்கு அப்பால் பனைகளின் தலைகள். இங்கே அலைச்சறுக்குப் பலகையோடு இளைஞர்கள் வருவதும் உண்டு; அவர்களைக் கரையில் வேடிக்கை பார்ப்பதும் ஊராருக்கு மாலைப் பொழுதுபோக்கு.

பனையைப் பற்றிச் சொல்லாமல் இந்நிலத்தைப் பற்றிப் பேசியதாகாது. மணலில் வேறு பயிர் எதுவும் நிலைக்காத காலத்தில் இம்மக்களுக்குச் சோறிட்டது பனை. செம்மணலும் பனையும் சூழ்ந்த இடையன்குடிக்கு 1841இல் வந்து அங்கேயே நிலைத்த ராபர்ட் கால்டுவெல், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார் என்பது ஒருபுறம் இருக்க, கள்ளக்குறிச்சிப் பக்கத்தவர் அங்கே போய்க் கவனிக்க வேண்டியது கருப்பட்டி காய்ச்சும் விடிலி. தோப்பின் நடுவே ஓலையால் வேய்ந்த குடிசைக்கு விடிலி என்று பெயர். பனையேறி விடியுமுன் மரமேறி, சீவிய பாளையில் கட்டிய கலயங்களை இறக்கி வருகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பதால் சாறு புளித்துக் கள்ளாகாமல் பதநீராகவே நிற்கிறது. காய்ச்சும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. அகன்ற பாத்திரத்தில் பனஞ்சில்லும் முள்விறகும் எரித்துக் காய்ச்ச, பதநீர் முதலில் நுரைத்து, பின் சிவந்து, கூப்பனி என்னும் பாகுப் பதம் கடந்து இறுகும் வேளையில், கொதிப்பின் ஓசையே மாறுகிறது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் மணலில் வரிசையாகப் பதித்து வைத்த தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். ஆறியதும் சிரட்டையைத் தட்டினால் அரைக்கோளமாகக் கருப்பட்டி கழன்று விழும். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது இந்த மணலும் இந்தக் கைப்பதமும் சேர்ந்த சுவைக்காக. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு செய்தியும் சுவையாக இருக்கும்: குலசேகரப்பட்டினத்தில் பனஞ்சர்க்கரைக்கே ஓர் ஆலை இருந்தது, அதற்காகத் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே சிறுபாதை ரயில் ஒன்று 1940 வரை ஓடியது. ஆலையும் போயிற்று, தண்டவாளமும் போயிற்று. விடிலி இருக்கிறது, ஆனால் மரமேற ஆள் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. பதநீரை அந்த இடத்திலேயே, ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் வாங்கிக் குடிப்பது கோடையில் வருபவர்க்கு மட்டும் கிடைக்கும் பேறு.

வறண்ட நிலம் என்பதால் நீரே இல்லை என்று எண்ணுவது தவறு. மணல் மழையை ஓடவிடாமல் அப்படியே குடித்து உள்ளே வைத்துக்கொள்வதால், தேரியின் அடிவாரத்தில் ஆங்காங்கே சுனை ஊறுகிறது. மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் என்ற தெய்வப்பெயரே அந்த நீரைச் சுட்டுகிறது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர் வெட்டு விழாவுக்கு வருவோர் தேரியின் செம்மண்ணையே பிரசாதமாக மடித்து எடுத்துச் செல்கிறார்கள். வானமும் இங்கே எப்போதும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை பெறும் இம்மாவட்டத்தில், 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே காத்திருந்தனர். அக்கம்பக்கத்து ஊர் மக்கள் சமைத்துக் கொடுத்த உணவு பலருக்குக் கைகொடுத்தது. வடகிழக்குப் பருவமழையின் உச்சத்தில் இக்கரைக்கு ஓய்வு தேடிப் போவது பொருத்தமன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

போகும் வழி எளியது. தியாகதுருகத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாக விழுப்புரம் சென்று, மாலையில் அதே செந்தூர் விரைவு ரயிலைப் பிடித்தால் விடியலில் திருச்செந்தூர், அங்கிருந்து பேருந்து. காலம் தேர்வதில்தான் கவனம் வேண்டும். செப்டம்பர் 14ஆம் நாள் திருச்சிலுவைத் திருநாளை ஒட்டி மணப்பாடு நிரம்பி வழியும். நவராத்திரியில் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேடமும் குறவர் வேடமும் புனைந்த பக்தர்கள் லட்சக்கணக்கில் திரள்வதால் சாலையே நகராது. கந்த சஷ்டியில் திருச்செந்தூரில் இடம் கிடைக்காது. இவ்விழாக்கள் காணத்தக்கவை என்பதில் ஐயமில்லை, ஆயினும் அவற்றைக் காணப் போவது வேறு பயணம். தை முடிந்து மாசி, பங்குனியில் போவதே சிறந்தது: மழை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் எழுந்திருக்காது, பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும். தங்கும் விடுதிகளும் உணவகங்களும் திருச்செந்தூரில்தான் மிகுதி. மணப்பாட்டில் அவை சிலவே என்பதால், முன்கூட்டிக் கேட்டு வைக்காமல் குடும்பத்தோடு போய் இறங்குவது சரியன்று.

இந்த அமைதி எத்தனை நாள் என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது விண்வெளி ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வட, தென் துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோளைத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அவ்வாறு ஏவினால் ராக்கெட் இலங்கை மேல் பறக்காதபடி வளைந்து செல்ல வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. குலசேகரப்பட்டினத்துக்குத் தெற்கே நேராகத் திறந்த கடல். சிறிய ராக்கெட்டுகளுக்கு இந்த மிச்சம் பெரிது. காற்றும் மணலும் ஆளற்ற வெளியும் எந்தக் காரணத்தால் ஓய்வு தேடுபவரை ஈர்த்தனவோ, ஏறத்தாழ அதே காரணத்தால் ஏவுதளத்தையும் ஈர்த்திருக்கின்றன. வேலையும் சாலையும் வரும் என்று மகிழ்வோரும், கடலுக்குப் போகும் நாள்கள் குறையுமோ என்று கவலைப்படும் மீனவரும் அக்கரையில் ஒருங்கே இருக்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

திரும்பும்போது உடன்குடியில் ஓலைப்பெட்டியில் கட்டிய கருப்பட்டி வாங்காமல் வருவோர் குறைவு. வாங்கும்போது ஒரு துண்டை உடைத்துப் பார்ப்பது வழக்கம்: உள்ளும் புறமும் ஒரே கருப்பாக, வாயிலிட்டால் இனிப்போடு மெல்லிய கரிப்பும் தெரிந்தால் நல்ல சரக்கு, பளபளப்பு மிகுந்து வெறும் இனிப்பாக இருந்தால் சீனி கலந்தது. கருப்பட்டிக்கு ஈரக்காற்று ஆகாது. ஐப்பசி மழையில் கசிந்து பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பக்கத்து வீடுகளில் அடுப்புக்கு மேலே புகை படும் இடத்தில் பரண் கட்டி அதை வைத்திருந்தார்கள். தியாகதுருகத்து வீட்டில் அடுப்பு எரிவாயுவுக்கு மாறிவிட்டதால் புகைக்கு வழியில்லை; மண்டை வெல்லம் வைக்கும் அதே தகரப் பெட்டியில், காகிதம் சுற்றி, மூடியை இறுக அடைத்து வைத்தால் பங்குனியில் வாங்கியது ஐப்பசி வரை கெடாமல் இருக்கும்.